திருச்சபைக்குப் புறம்பே மீட்பில்லை: மாறாத வாக்கியமும் மாறிய பொருளும்

சமயக் கோட்பாடுகளை வரலாற்றடிப்படையில் ஆராய முற்படுவோர் தொடக்கத்திலேயே ஒரு தடையை எதிர்நோக்குகின்றனர். தமக்கு வரலாறே இல்லை என்று சாதிப்பதையே தம் இயல்பாகக் கொண்ட கோட்பாடுகள் சில உள. மெய்யான திருச்சபை ஒன்றே. அதனிடம் ஒப்படைக்கப்பட்ட தெய்வீக உண்மை காலத்தால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அச்சபைக்குப் புறம்பே மீட்பும் இல்லை என்னும் கத்தோலிக்கக் கோட்பாடு அத்தகையவற்றுள் முதன்மையானது. இதனை விசுவாச நிலையினின்று எழுதிய ஆசிரியர்கள், அன்று சொன்னதையே திருச்சபை இன்றும் சொல்கின்றது என்று நிறுவுவதிலேயே கருத்தூன்றினர். பகுத்தறிவுவாத நிலையினின்று எழுதியோரோ, இது குருமார் தம் ஆதிக்கத்தைப் பேணுவதற்குக் கட்டிய சூழ்ச்சியென்று ஒரே வரியில் முடித்துவிட்டனர். இவ்விரு சாராரும் ஒரு வகையில் ஒன்றுபடுகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. இருவருமே அக்கோட்பாட்டை எக்காலத்திலும் ஒரே பொருளுடையதாகக் கொள்கின்றனர். அப்பொருள் யாருடைய கையில், எச்சூழலில், எவ்வாறு மாறியது என்பதே ஈண்டு நாம் நோக்க விரும்புவது.

இவ்வாக்கியத்தின் பிறப்பிடம் உரோமாபுரி அன்று. மூன்றாம் நூற்றாண்டின் வட ஆபிரிக்கா. கி.பி. 250இல் தேசியஸ் பேரரசன் கிறித்தவரைத் துன்புறுத்தியபோது பலர் அஞ்சி அரச தெய்வங்களுக்குப் பலியிட்டனர். துன்புறுத்தல் தணிந்தபின், அவ்வாறு வழுவியோரை மீண்டும் சபையிற் சேர்ப்பதா என்ற வினா எழுந்தது. சேர்த்தலாகாது என்ற நொவாசியன் சார்பினர் தனிச் சபை கண்டனர். கார்த்தேசு நகரின் ஆயராயிருந்த சிப்பிரியான் 251ஆம் ஆண்டளவில் திருச்சபையின் ஒருமைப்பாடு குறித்து நூல் எழுதியதும், சபைக்குப் புறம்பே மீட்பில்லையெனப் பின்னர் ஒரு கடிதத்தில் வற்புறுத்தியதும் இப்பின்னணியிலேயாகும். அவர் புறச்சமயத்தாரை நோக்கிப் பேசினாரல்லர். சபையைப் பிளந்து சென்ற கிறித்தவரை நோக்கியே பேசினார். அரசால் வேட்டையாடப்பட்ட ஒரு சிறுபான்மைக் கூட்டம் சிதறிப் போகாது தன்னைக் கட்டிக்கொள்வதற்கு எழுப்பிய வேலியாகவே இவ்வாக்கியம் முதலில் தோன்றியது. சிப்பிரியானும் 258இல் அவ்வரசின் வாளுக்கே இரையானார்.

இதிலே நுண்ணியதொரு முரண்பாடு உண்டு. பதிதர் கொடுத்த திருமுழுக்குச் செல்லாது என்பதை நிறுவுவதற்கே சிப்பிரியான் அக்கடிதத்தில் இவ்வாதத்தைக் கையாண்டார். அவ்விடயத்தில் உரோமாபுரி ஆயர் ஸ்தேவான் அவரை எதிர்த்தார். ஈற்றில் உரோமாபுரியின் கருத்தே நிலைத்தது. எனவே சிப்பிரியானின் முடிவு தள்ளப்பட்டு, அம்முடிவுக்கு அவர் காட்டிய ஏது மட்டும் மாறாத உண்மையாக எஞ்சியது.

நான்காம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. 313இல் சகிப்புப் பெற்ற சமயம், 380இல் தெயோடோசியஸ் பேரரசனின் கட்டளையால் அரச சமயமாயிற்று. வேலி மதிலாகியது என்று கூறலாம். வட ஆபிரிக்காவின் தொனாத்திஸ்துகளும் தம்மையே மெய்யான திருச்சபையென்றனர். அவர்களின் வலிமை பெரிதும் நுமிதியாவின் நாட்டுப்புறத்திலே தங்கியிருந்தது என்பதையும், அவ்வியக்கத்தில் உரோம நிலவுடைமைக்கு எதிரான குமுறலும் கலந்திருந்தது என்பதையும் 1952இல் வெளிவந்த பிறெண்ட் என்பாரின் ஆய்வு எடுத்துக்காட்டியது. சமூகக் குமுறலே முழுக்காரணம் என்று கொள்வதைப் பின்வந்த ஆய்வாளர் ஏற்கவில்லை. நாமும் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. எனினும் 411இல் கார்த்தேசு நகரில் நடைபெற்ற விவாதத்துக்கு நடுவராய் அமர்ந்தவர் பேரரசின் அதிகாரி ஒருவர் என்பதை மறத்தலாகாது. முதலில் வன்முறையை விரும்பாத அகுஸ்தீனார், பின்னர் விருந்துக்கு வருமாறு மக்களை வற்புறுத்தும் சுவிசேஷ உவமையைக் கொண்டே அரச வற்புறுத்தலை நியாயப்படுத்தினார். சிப்பிரியானின் வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயின் அதனைச் சொல்பவர் பின்னால் இப்போது படைவீரர் நின்றனர்.

மத்திய காலத்தில் இவ்வாக்கியம் பெற்ற இரு பெரும் வடிவங்களை மட்டும் குறிப்பிடுதல் போதும். 1302இல் எட்டாம் பொனிபாஸ் பாப்பரசர் விடுத்த சாசனம், உரோமாபுரிப் பாப்பரசருக்குக் கீழ்ப்படிதல் மானிடர் அனைவரின் மீட்புக்கும் இன்றியமையாதது என்று பிரகடனஞ் செய்தது. மறுமை பற்றிய இப்பேருரையின் உடனடிக் காரணம் இம்மை சார்ந்ததே. பிரான்சு மன்னன் நான்காம் பிலிப்பு குருமாரிடம் வரி அறவிட்டமையும், ஆயர் ஒருவரைச் சிறைப்படுத்தியமையுமே அப்பூசலின் வேர்கள். அடுத்த ஆண்டு பிலிப்பின் ஆட்கள் அனாஞி நகரில் பாப்பரசரையே சிறைப்பிடித்தனர். சில வாரங்களில் அவர் மாண்டார். வரித்தகராறு மறைந்தது, அதற்கென எழுந்த வாக்கியம் என்றுமுள்ள உண்மைகளின் வரிசையில் நிலைத்துவிட்டது.

மற்றையது 1442இல் பிளோரன்ஸ் பொதுச்சங்கம் எகிப்தியக் கிறித்தவரோடு இணக்கங் காண முயன்ற வேளை வெளியிட்ட ஆணையாகும். புறச்சமயத்தார், யூதர், பதிதர், பிரிவினைக்காரர் ஆகிய எவரும் இறப்பதற்குமுன் திருச்சபையிற் சேர்ந்தாலன்றி நித்திய வாழ்வில் பங்குபெறார் என்பது அதன் சாரம். இதனினும் தெளிவாக இக்கோட்பாட்டைச் சொல்லுதல் அரிது. ஆயின் இத்தெளிவு ஓர் உலகப்படத்தைச் சார்ந்திருந்தது. சுவிசேஷம் உலகெங்கும் அறிவிக்கப்பட்டாயிற்று. எனவே கிறித்தவரல்லாதவர் அறிந்தே மறுத்தவர். அறிந்தே மறுத்தவர் குற்றவாளிகள். இவ்வாறு எண்ணுதல் மத்தியதரைக் கடலைச் சூழ வாழ்ந்தோருக்குக் கடினமாயிருக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளின் பின், 1492இல், அந்தப் படம் கிழிந்தது.

அமெரிக்கக் கண்டங்களிலே கிறித்துவின் பெயரையே கேட்டறியாத மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மடிந்திருந்தனர் என்ற செய்தி இறையியலாளரை உலுக்கியது. சலமங்கா பல்கலைக்கழகத்தில் 1539இல் விரிவுரையாற்றிய பிரான்சிஸ்கோ டி விற்றோரியா, அறியாதவர் அவிசுவாசக் குற்றத்துக்கு ஆளாகார் என்றும், முறையான சான்றுகளும் நல்வாழ்வின் எடுத்துக்காட்டும் இன்றி அறிவிக்கப்பட்டதை ஏற்க அம்மக்கள் கடமைப்பட்டவரல்லர் என்றும் வாதித்தார். அதே விரிவுரையில் ஸ்பானியர் அங்கு தங்குவதற்கு வேறு நியாயங்களும் அவருக்குக் கிடைத்தன என்பது வேறு கதை. திருமுழுக்கைப் பெறாவிடினும் அதற்கான விருப்பமே மீட்புக்கு வழியாகலாம் என்ற பழைய கருத்தைத் திரெந்துப் பொதுச்சங்கம் 1547இல் உறுதிசெய்தது. அவ்விருப்பம் வெளிப்படையாயிருக்க வேண்டுமா, உள்ளுறையாயிருந்தாலும் போதுமா என்று அடுத்த நூற்றாண்டுகள் வாதிட்டன. மதிலை இடிக்காமலே அதில் வாயில் திறக்கும் வேலை இவ்வாறு தொடங்கியது.

பல்கலைக்கழக மண்டபங்களில் இவ்வாதம் நிகழ்ந்தபோது கீழைத்தேயங்களிலே அதன் கடுமையை எளிய மக்கள் நேரில் அனுபவித்தனர். யப்பானிலிருந்து திரும்பிய பிரான்சிஸ் சவேரியார் 1552ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்திலே, புதிதாகச் சேர்ந்த யப்பானியர் தம் மூதாதையர் நரகத்திலிருந்து மீளவே முடியாதென்று கேட்டு அழுததைப் பதிவுசெய்துள்ளார். அவ்வழுகையைக் கண்டு தாமும் வருந்தியதாகக் கூறும் அவர், தாம் போதித்ததை ஐயுறவில்லை. இறந்தோருக்கு அமுதும் நீரும் படைத்து அவர்களோடு உறவைப் பேணிவந்த சமூகங்களில் இக்கோட்பாடு எத்தகைய பிளவை ஏற்படுத்தியிருக்கும் என்பதை நம்மவர் எளிதில் உய்த்துணரலாம். முன்னோர் வழிபாட்டை அனுமதிப்பதா என்ற சீனச் சடங்குப் பிணக்கில் 1742இல் உரோமாபுரி முற்றான தடை விதித்தது. அத்தடை 1939இல் தளர்த்தப்பட்டது. இடையே சென்ற இருநூறு ஆண்டுகளில் அத்தடைக்குக் கீழ்ப்படிந்து தம் குடும்பங்களினின்றும் பிரிந்தோருக்கு யாரும் கணக்கு வைத்ததில்லை.

இக்கோட்பாட்டின் வரலாற்றில் இலங்கை பெறும் இடம் தனியாக நோக்கத்தக்கது. 1544இல் மன்னாரில் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்றோரை யாழ்ப்பாணத்து மன்னன் கொல்வித்தான். 1619இல் போர்த்துக்கேயர் அவ்வரசைக் கைப்பற்றினர், கோவில்கள் இடிக்கப்பட்டன, ஊர் தோறும் கத்தோலிக்க ஆலயங்கள் எழுந்தன. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை வென்றதும் அவ்வாலயங்களே சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடங் கொடுத்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாக அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. பல்தேயஸ் பாதிரியார் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலில் அவ்வாலயங்களை ஊர் ஊராக விவரித்துள்ளமை வரலாற்று மாணவர் அறிந்ததே.

இங்கு பெரும்பாலும் கவனிக்கப்படாத உண்மையொன்று உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கியது, ஒரே மெய்த் திருச்சபை என்ற கோட்பாட்டை மறுத்ததனாலன்று. அவர்களது சீர்திருத்தச் சபை ஏற்றுக்கொண்ட 1561ஆம் ஆண்டின் பெல்ஜிய விசுவாச அறிக்கையும், மெய்யான திருச்சபைக்குப் புறம்பே மீட்பில்லை என்றே அதன் இருபத்தெட்டாம் பிரிவில் கூறுகின்றது. அடுத்த பிரிவு மெய்ச்சபையையும் பொய்ச்சபையையும் வேறுபடுத்தும் அடையாளங்களை வகுக்கின்றது. ஆகவே யாழ்ப்பாணத்துக் குடியானவன், நாற்பது ஆண்டுகளுள் ஒரே கட்டடத்தில், ஒரே வாக்கியத்தை இரு எதிரிகளின் வாயினின்றும் கேட்டான். இருமுறையும் அதனைச் சொன்னவர் அந்நாட்டு ஆட்சியாளரே. உத்தியோகமும் சட்டபூர்வமான விவாகமும் சொத்துரிமையும் திருமுழுக்குப் பதிவோடு பிணைக்கப்பட்டிருந்தமையால் பலர் பெயரளவில் சீர்திருத்தச் சபையினராயினர். பிரித்தானியர் ஆட்சி 1796இல் வந்தபின் அச்சபையின் சுதேசத் தொகை மிக விரைவாகக் கரைந்துபோனது. வேர் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் இக்கோட்பாடு ஆட்சியாளரின் கருவி மட்டுமே என்று கொள்வோருக்கு அதே யாழ்ப்பாணம் வேறொரு காட்சியையும் காட்டுகின்றது. மீன்பிடி ஊர்களிலும் சில்லாலை போன்ற கிராமங்களிலும் கத்தோலிக்கர் குருவின்றி, ஆலயமின்றி, பதவியும் சலுகையும் இன்றி முப்பது ஆண்டுகள் தம் விசுவாசத்தைப் பேணினர். 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் கோலத்தில் வந்திறங்கிய யோசேவாஸ் முனிவர் அவர்களைத் தேடிச் சென்றார். போர்த்துக்கேய அரசு போய்விட்டது. அதனால் இனி ஆகப்போவதும் ஒன்றில்லை. அந்நிலையிலும் ‘எமதே மெய்யான சபை’ என்று அம்மக்களைப் பற்றி நிற்கச் செய்தது எது? சிப்பிரியானின் வேலி இங்கே மீண்டும் வேலியாகவே பயன்பட்டது. படையும் பதவியும் உடையோர் வாயில் அச்சுறுத்தலாக ஒலித்த வாக்கியம், அவற்றை இழந்தோர் வாயில் மானத்தின் மொழியாயிற்று. முற்போக்கு ஆய்வாளர் சிலர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாது விடுவது, அடக்கப்பட்டோரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் செய்யத் தகாத கவனக்குறைவு என்றே நாம் கருதுகின்றோம்.

இலங்கைக் கத்தோலிக்கம் எவ்வாறு உயிர் பிழைத்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. ஒல்லாந்தரால் தேடப்பட்ட வாஸ் முனிவர் கண்டி இராச்சியத்துட் சென்றார். தொடக்கத்தில் போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்திற் சிறைப்பட்ட அவருக்குப் பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அடைக்கலம் அளித்தான். 1697இல் அம்மை நோய் பரவியபோது முனிவர் சமயபேதம் பாராது நோயாளரைப் பராமரித்தமை மன்னனின் மதிப்பை மேலும் உயர்த்தியது. அடைக்கலம் அளித்தவனோ பௌத்தன். புதிய உபசம்பதாப் பரம்பரையை அரக்கானிலிருந்து வரவழைத்தவன். 1442ஆம் ஆண்டின் ஆணைப்படி அவனுக்கு மீட்பில்லை. அவனுடைய நிழலிலேதான் ஒரே மெய்யான திருச்சபை இத்தீவில் மீண்டும் தளிர்த்தது. கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் 1806இல் மெயிற்லண்ட் தேசாதிபதியால் நீக்கப்பட்டன. அவரும் அச்சபையைச் சேர்ந்தவரல்லர்.

இனி, மாற்றமின்மை என்ற கருத்து ஐரோப்பாவில் எவ்வாறு காக்கப்பட்டது என்பதை நோக்குவோம். 1688இல் பிரெஞ்சு ஆயர் பொசுவே, புரட்டஸ்தாந்து சபைகளின் மாறுபாடுகளை வரலாறாக எழுதினார். மாறுவது பொய், மாறாதது மெய், இதுவே அவருடைய அளவுகோல். ஆனால் அவர் இறந்து பத்து ஆண்டுகள் ஆகுமுன், 1713இல், பதினோராம் கிளெமென்ற் பாப்பரசர் யன்சேனிய இறையியலாளர் கெனெலின் நூற்றொரு கூற்றுக்களைக் கண்டித்தபோது, திருச்சபைக்குப் புறம்பே அருள் வழங்கப்படுவதில்லை என்ற கூற்றும் கண்டிக்கப்பட்டவற்றுள் ஒன்றாயிற்று. புறம்பே அருளுண்டு, மீட்பில்லை என்றாயிற்று. 1845இல் கத்தோலிக்கராவதற்குச் சற்று முன்னர் நியூமன் எழுதிய நூல், மாற்றத்தை மறைக்காது, அதனை வித்து மரமாகும் வளர்ச்சியாக விளக்கியது. பொசுவேயின் அளவுகோலைக் கைவிடாமல் வரலாற்றையும் ஏற்றுக்கொள்ள இதனினும் கூர்மையான முயற்சி எழுந்ததில்லை. ஆயின் 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் சொல்லை மட்டுமன்றி, ஒருகால் அறுதியிட்ட பொருளையும், ஆழ்ந்த விளக்கம் என்ற பெயரில் கைவிடலாகாது என்று விதித்தது. அதே ஆண்டு யூலையில் பாப்பரசரின் வழுவாமை கோட்பாடாக்கப்பட்டது; செத்தெம்பரில் இத்தாலியப் படை உரோமாபுரியுட் புகுந்தது. நிலம் பறிபோகும் வேளையில் அறுதியான உண்மை மேன்மேலும் உயர்த்தப்பட்டமை தற்செயல் என்று நாம் கருதவில்லை.

இவ்விறுக்கத்தைப் பறைசாற்றிய ஒன்பதாம் பத்திநாதரே, தம் குற்றமின்றி அறியாதிருப்போர் தண்டிக்கப்படார் என்று 1863இல் எழுதியவரும் ஆவார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட எண்பது பிழைகளின் பட்டியலில், ஒவ்வொருவரும் தாம் மெய்யெனக் காணும் சமயத்தைத் தழுவலாம் என்பது ஒரு பிழையாக இடம்பெற்றது. நூற்றோராண்டின் பின், 1965 டிசெம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 2308 வாக்குகளுக்கு எதிராக 70 என்ற கணக்கில் சமய சுதந்திரத்தை மானிட உரிமையாக அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டு, கிறித்துவின் திருச்சபை கத்தோலிக்கத் திருச்சபையே ‘ஆகும்’ என்றிருந்த வரைவு வாசகம், அதில் ‘நிலைபெற்றிருக்கின்றது’ என்று மாற்றப்பட்டது. ஒரு வினைச்சொல்லின் மாற்றம்; அதன் பொருள் என்னவென்று இறையியலாளர் இன்றுவரை முடிவுகாணவில்லை. 2000இலும் 2007இலும் வத்திக்கான் வெளியிட்ட விளக்கங்கள், சங்கம் முந்திய கோட்பாட்டை மாற்றவில்லை என்றே வலியுறுத்தின. மாற்றினீர் என்று குற்றஞ்சாட்டிப் பிரிந்த லெபேவர் ஆயரும், மாற்றவில்லை என்று மறுத்த வத்திக்கானும், மாற்றம் கூடாதென்பதில் முற்றாக ஒத்திருந்தனர்.

இத்தகைய அமைப்பிலே தனிமனிதர் அகப்படும் விதத்தை இருவர் வாழ்க்கை காட்டும். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சார்ந்த லியோனாட் பீனி என்ற குரு, பிளோரன்ஸ் சங்கம் சொன்னதைச் சொன்னபடியே பிடித்துக்கொண்டார். திருச்சபைக்கு வெளியே உள்ள எவருக்கும் மீட்பில்லை என்று ஹாவாட் மாணவரிடையே போதித்தார். அவருடைய போதனையில் யூத வெறுப்பும் கலந்திருந்தமையால் நாம் அவர்பால் இரங்க வேண்டியதில்லை. எனினும் உரோமாபுரி 1949இல் அவருடைய விளக்கத்தைத் தவறென்றது. உரோமாபுரிக்கு வருமாறு விடுத்த அழைப்பை அவர் மறுத்தபின், 1953இல் அவரைச் சபைநீக்கஞ் செய்தது. முறைப்படி குற்றம் கீழ்ப்படியாமை. 1972இல் அவர் தம் கருத்தை மீளப்பெறாமலே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

மற்றவர் நம் நாட்டவரான திஸ்ஸ பாலசூரிய அடிகளார். 1971இல் கொழும்பிற் சமூக சமய நிலையத்தை நிறுவிய அவர், பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாய் வாழும் ஆசியாவில், மானிடரிற் பெரும்பகுதியினரை மீட்புக்குப் புறம்பாக்கும் இறையியல் நீதியாகுமா என வினவினார். 1990இல் வெளிவந்த அவரது ‘மரியாளும் மானிட விடுதலையும்’ என்ற நூல் பிறவிப்பாவக் கோட்பாட்டையும் அவ்வினாவோடு இணைத்து ஆராய்ந்தது. தமக்கென வரையப்பட்ட விசுவாசப் பிரமாணத்திற் கையொப்பமிட மறுத்த அவர், 1997 சனவரியில் சபைநீக்கஞ் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. அடுத்த ஆண்டு சனவரியில் இணக்கங் காணப்பட்டுத் தண்டனை நீக்கப்பட்டது. 2013இல் அவர் காலமானார். பழைய சொல்லைப் பழைய பொருளிற் சொன்னவரும் நீக்கப்பட்டார். புதிய பொருளுக்கேற்பச் சொல்லை மாற்ற முனைந்தவரும் நீக்கப்பட்டார். சொல்லை வைத்துக்கொண்டு பொருளை மாற்றும் உரிமை எவரிடம் உண்டென்பதே இவ்விரு வழக்குகளிலும் உண்மையிற் பிணக்குக்குரியதாயிருந்தது.

2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிற் பிரான்சிஸ் பாப்பரசர் யோசேவாஸ் முனிவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். முதல்நாள் மாலை பௌத்த, இந்து, இஸ்லாமிய சமயத் தலைவர்களோடு ஒரே மேடையில் அமர்ந்திருந்தவர் அவர். மறுநாள் மறையுரையில் வாஸ் முனிவர், சமயபேதம் பாராது அனைவருக்கும் தொண்டாற்றியவராகவும் சமய சகிப்பின் முன்மாதிரியாகவும் போற்றப்பட்டார். கண்டியில் அம்மை நோயாளரைத் தொட்டுப் பராமரித்த முனிவருக்கு அது பொருந்தும். மெய்யான திருச்சபையின் தேவதிரவிய அநுமானங்கள் இன்றி எவரும் இறந்துவிடலாகாதென்று மரண தண்டனையையும் பொருட்படுத்தாது சில்லாலைக்கு வந்த முனிவரைப் பற்றி அம்மறையுரை வேறு விதமாகவே பேச வேண்டியிருந்தது.